முன்பாதிக்குப் பாரம்

நீளமான சொல் எதையும் என் வேலையிடத்து அக்கா முழுதாக வாயில் போடமாட்டார். முதலில் இரண்டாக உடைப்பார். எந்தப் பாதியில் குரலின் பாரம் விழுகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சொல்லுவார்.

ஜெர்மனியில் வாழ்வதற்கு இது மோசமான பழக்கம் இல்லை. இங்கே அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களில் சரக்கு ரயில் நீளத்துக்குச் சொற்கள் இருக்கும். நான் முதல் பெட்டியைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்ளும் ரகம். அப்படி ஊகித்து, வீட்டு விண்ணப்பம் கொடுக்கப் போன நான் நாய்வரி கட்டும் அறை வாசலில் ஒரு காலை முழுதும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் நாயோடு வந்திருந்தது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அக்கா அப்படியில்லை. சிவப்புப் பேனையை எடுத்து, சொல்லின் பொருத்தில் ஒரு கோடு போடுவார். பொருத்து என்பது அவருடைய சொல். இரண்டு பலகை சேருகிற இடம் போல, இரண்டு சொல் சேருகிற இடம்.

ஒருமுறை அலுவலகத்தில் நேரம் குறித்துச் சந்திக்கும் அவருடைய டெர்மின் ஒன்றுக்கு, மொழிபெயர்க்க என்று நானும் கூடப் போனேன். அதிகாரி பேச்சோடு பேச்சாக ஒரு ரயிலை ஓட்டிவிட்டார். எனக்கு விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சொல்லில் பாரம் எங்கே விழுகிறது என்று அதிகாரியிடமே ஜெர்மனில் கேட்டார். அந்த மனிதர் அதைச் சத்தமில்லாமல் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கூட இருந்த சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்திக்கிறவர் போலிருந்தது அவர் முகம். முன்னால் என்றார். அக்கா கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது டிராமில் எனக்கு நன்றி சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மற்ற விஷயங்களிலும் அவர் இப்படித்தான். கடையில் அரிசி, பருப்பு, தேங்காய், கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரு கையால் தூக்குவார். மற்றக் கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருக்கும். இரண்டு கையிலும் பிரித்துத் தூக்கினால் சுலபம் என்று நான் சொன்னேன்.

"ரெண்டுக்கும் ஒரே பாரம் குடுத்தா, தம்பி, எதைக் கவனிக்கிறது எண்டு தெரியாமப் போயிடும்," என்றார்.

அக்காவின் கணவர் இறந்தபோது எனக்கு அக்காவோடு பெரிதாகப் பழக்கமில்லை. எட்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். தமிழ்க்கடையில் யாரோ ஒரு பெண், இவ்வளவு கெதியாக வேலைக்குப் போகிறீர்களே என்று துக்கம் விசாரிக்கிற சாக்கில் குத்தியிருக்கிறார். "அவர் பின்பாதி. தன்பாட்டில வந்தவர், தன்பாட்டில போயிட்டார்," என்று அக்கா சொன்னாராம். இதை அக்காவே என்னிடம் சொன்னார். சிரிக்கவில்லை. நான் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் குனிந்து தலையணை உறைகளை எண்ணினேன்.

எங்கள் வேலை கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலவறையில். சலவை அறை. பெரிய உருளை இயந்திரம் படுக்கை விரிப்புகளைச் சூடாக அழுத்தி ஒரு பக்கத்தால் துப்பும். இரண்டு பேர் மூலைகளைப் பிடித்து, எதிரெதிராக நின்று, ஒரு இழுப்பு இழுத்து மடிக்க வேண்டும். ஆறு மாதம் என்று சொல்லிக்கொண்டு நான் அங்கே போனேன். இது ஒன்பதாவது வருஷம். வீட்டில் புத்தக அலுமாரி மூன்று இருக்கிறது. வேலையில் மடித்த விரிப்புகளின் அலுமாரி பதினான்கு. அவற்றின் ஒழுங்கில்தான் எனக்கு அதிக நம்பிக்கை.

ஒரு திங்கட்கிழமை, விரிப்பின் மறுமுனையில் நின்றுகொண்டு, ஒஸ்லோவில் இருக்கும் தன் தங்கச்சிக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது என்று அக்கா சொன்னார். அப்படி ஒரு தங்கச்சி இருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சில வாரம் கழித்துப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. ஆனால் வந்தது தமிழ் இல்லை. தங்கச்சி இருபது வருஷம் அங்கே ஒரு பாலர் பாடசாலையில் வேலை செய்தவர். நோர்வேக்காரரின் மொழிதான் துண்டு துண்டாக வந்தது. நொஷ்க் என்று அங்குள்ள தமிழர் அதைச் சொல்லுவார்கள். தமிழில் எதைக் கேட்டாலும் பேசாமல் இருக்கிறார் என்று தங்கச்சியின் கணவர் சொல்லியிருக்கிறார்.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஐம்பது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருந்தார். அநேகமாக எல்லாம் வீட்டில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருட்கள். எல்லாம் இரண்டு சொல் சேர்ந்த நொஷ்க் சொற்கள். குளிர்ப்பெட்டி, பல்துலக்கி, மழைச்சட்டை, சாப்பாட்டு மேசை. பொருத்தில் உடைத்து, இடது கையால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டும். முன்பாதிக்குப் பலமாக ஒரு தட்டு, பின்பாதிக்கு மெல்ல ஒன்று. கணவர் அந்தப் பட்டியலைப் படம் பிடித்து, பயிற்சிப் பெண் அதைச் சொல்லும் ஒலிப்பதிவோடு அக்காவுக்கு அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று தெரியவில்லை. ஒருவேளை வருத்தத்தைப் பகிர்வதற்கு அவரிடம் வேறு எதுவும் இருந்திருக்காது.

"இருபது வருஷமா அவள் என்னோட வடிவாக் கதைக்கிறேல்லை, தம்பி. தீபாவளிக்கு ரெண்டு நிமிசம், அவ்வளவுதான். இனி இந்த ஐம்பது சொல்லுத்தான் இருக்கு. இதுக்குள்ள ஒண்டையாவது அவள் எனக்குச் சொல்ல வேணும்," என்றார் அக்கா.

என்ன பிரச்சினை என்று கேட்டேன். சின்னப் பிரச்சினை என்றார்.

அப்படித்தான் நான் நொஷ்க் படித்தேன். ஒரு விரிப்புக்கு ஒரு சொல். மூலைகளைப் பிடித்து இழுக்கிற இழுப்பில் முன்பாதி. மடித்துப் போடுகிற போடுதலில் பின்பாதி. ஷோலெ என்று வெடுக்கென இழுப்பார், ஸ்காப் என்று மெல்லப் போடுவார். அது குளிர்ப்பெட்டி. தான் என்று இழுப்பு, பொஷ்தெ என்று மடிப்பு. அது பல்துலக்கி. அக்கா சொன்னால் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்தான் தங்கச்சி. ஐம்பது வயது தாண்டி, மீசையோடு, ஒஸ்லோவில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் வேடத்தில் நான் அந்த நிலவறையில் நின்றேன். எனக்குக் கிடைத்த வேடங்களில் அது ஒன்றும் மோசமானதல்ல.

எனக்கு வராத விஷயம் பாரம். எங்கள் வாய் எல்லா அசையையும் வரிசையில் நிற்கும் ஆட்கள் போல ஒரே உயரத்தில் நிறுத்தும். நான் குளிர்ப்பெட்டி என்றால் அது இரண்டு தனித்தனிப் பொருள் போலக் கேட்கும். எங்கோ ஒரு குளிர், வேறெங்கோ ஒரு பெட்டி. முன்பாதியில் காலை ஊன்று, பின்பாதியை விட்டுவிடு, குரல் தானாகக் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறும் என்று அக்கா சொல்லுவார். ஜெர்மன்காரரும் இப்படித்தான் முன்னால் ஊன்றுகிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் நடுவில் கால் நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறேன்.

தங்கச்சி வேலை செய்த இடம் என்பதாலோ என்னவோ, பாலர் பாடசாலை என்ற சொல்லும் பட்டியலில் இருந்தது. பாணெ-ஹாகெ. எழுத்தில் அங்கே ஒரு 'ர'வும் ஒரு 'ன'வும் நிற்கின்றன. ஒஸ்லோக்காரர் வாயில் நாக்கு மடிந்து இரண்டும் ஒன்றாகி, சுத்தமான 'ண' வருகிறது. இதைக் கண்டுபிடித்த நாளில்தான் அக்கா முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

"எங்கட 'ண', தம்பி. நாங்கள் அகதியாப் போக முந்தியே அது அங்க போயிருந்திட்டுது."

மேற்பார்வை செய்யும் ஜெர்மன் பெண்மணி ஒருநாள் கதவடியில் நின்று கேட்டுவிட்டு, உங்கள் மொழி பாட்டுப் போல இருக்கிறது என்றார். அது எங்கள் மொழி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நன்றி என்றேன்.

சனிக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு அக்கா ஒஸ்லோவுக்குப் போன் எடுப்பார். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் தங்கச்சிக்கு வீடியோ பிடிக்காது. வெறும் குரல்தான். முதல் சில வாரங்கள் அக்கா மட்டும் சொன்னார். எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. சமையலறை மேசையில் தட்டித் தட்டி ஐம்பதையும் சொல்லி முடித்துவிட்டு வைத்துவிடுவார். திங்கட்கிழமை நான் கேட்பேன், உதட்டைப் பிதுக்குவார். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, எதிர்ப்பக்கம் தட்டுக் கேட்டதாம். ஒன்று பலமாக, ஒன்று மெல்ல. பிறகு, ஸ்பீசெ-பூர். சாப்பாட்டு மேசை.

"சொன்னவள்," என்றார் அக்கா. அன்றைக்கு விரிப்புகளைக் கொஞ்சம் பலமாக இழுத்தார். என் விரல் நகம் ஒன்று மடங்கியது.

அடுத்த வருஷம் கோடையில் அக்கா நாலு நாள் லீவு எடுத்து ஒஸ்லோவுக்குப் போனார். நூறு சொல்லாவது தெரிந்துகொண்டு போகலாமே என்றேன். ஐம்பது காணும் என்றார். திரும்பி வந்த முதல் நாள் விரிப்புகளை மட்டும் மடித்தார். இரண்டாம் நாள், பாதி விரிப்புகள் முடிந்த பிறகு சொன்னார்.

கதவைத் திறந்த தங்கச்சி, "வந்திட்டியே, சாப்பிட்டியே?" என்று கேட்டிருக்கிறார். தமிழில். மெல்ல மெல்ல, சொல்லுக்குச் சொல் நின்று, ஆனால் தமிழில். தமிழ் வந்து ஐந்தாறு மாதம் ஆகிறதாம். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கணவரைத் தடுத்து வைத்திருந்திருக்கிறார். அக்கா பாடுபட்டுப் படித்திருக்கிறாள், அவளுக்கு அது பிடித்திருக்கிறது, கெடுப்பானேன் என்று நினைத்தாராம்.

சந்தோஷம்தானே என்றேன்.

இரண்டு மணித்தியாலம் சந்தோஷம்தான் என்றார். பின்னேரம் தேத்தண்ணியோடு அந்தச் சின்னப் பிரச்சினை வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்பு ஊரில் அவர்களுடைய அம்மா இறந்தபோது தங்கச்சி நிறைமாதம். செய்தி அக்காவுக்குத்தான் வந்தது. அக்கா அதைத் தங்கச்சிக்குப் பதினொரு நாள் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். அந்தப் பதினொரு நாளும் தங்கச்சி சாப்பிட்டிருக்கிறார், சிரித்திருக்கிறார், ஒரு கலியாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிப் போயிருக்கிறார். அந்தச் சேலையைப் பிறகு அவர் கட்டவே இல்லை.

"பிள்ளைத்தாச்சிக்குச் செத்தவீடு சொல்லுறதோ, தம்பி? எது பாரம்? பிறக்கப்போற பிள்ளைதானே? நான் அதிலதான் ஊண்டினனான். அவள் சொல்லுறாள், நான் ஊண்டினது பிழையான பாதியிலயாம்."

அன்றைக்கு ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே படுத்தார்கள். அடுத்த நாள் காலை ஒரே மேசையில் ஒருவரையொருவர் பார்க்காமல் பாண் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி இடது கையால் மேசையைத் தட்டினார். ஸ்பீசெ-பூர். அக்கா தட்டினார். ஷோலெ-ஸ்காப். அதற்குப் பிறகு மீதி நாட்கள் முழுவதும் அப்படியே போயின. ஜெர்மனிக்கு வந்த பிறகும் சனிக்கிழமைகளில் நொஷ்க்தான். தமிழ் இரண்டு பேருக்கும் தெரியும். தமிழை எடுத்தால் அம்மா வந்துவிடுவார்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். உருளை இயந்திரத்துக்கு முன்னால் யோசிக்க நேரம் கிடைக்கும். அந்த ஐம்பதிலும் ஒரு வினைச்சொல் கூட இல்லை. வினைச்சொல் இல்லாத மொழியில் யாரும் யாருக்கும் எதுவும் செய்துவிட முடியாது. குளிர்ப்பெட்டி இருக்கும், பல்துலக்கி இருக்கும், மழைச்சட்டை தொங்கும். யாரும் மறைக்கமாட்டார்கள், யாரும் மன்னிக்கவும் வேண்டியதில்லை.

இந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இதயம் நின்றுவிட்டதாம். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் அவருடைய மகன் மத்தியானம் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். நான் சரி என்றேன். மீதி விரிப்புகளை மேற்பார்வைப் பெண்மணியோடு மடித்தேன். அவர் இரண்டு மூலையையும் ஒரே மாதிரி இழுக்கிற ஆள். விரிப்புகள் நேராகத்தான் வந்தன.

வெள்ளிக்கிழமை ஒஸ்லோவிலிருந்து அழைப்பு வந்தது. தங்கச்சியின் கணவர். நாங்கள் முன்பு கதைத்ததில்லை. என் இலக்கத்தை மகனிடம் வாங்கியிருக்கிறார். தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்கமாட்டார் என்று பயம்.

"நாளைக்குப் பதினொரு மணிக்குப் போன் வராட்டி அவ கேப்பா, தம்பி. உங்களுக்கு அந்தச் சொல்லெல்லாம் தெரியுமாமே. அக்காவுக்குத் தொண்டை நோ, கதைக்க ஏலாது எண்டு சொல்லி, நீங்கள் ஒருக்கா... கொஞ்ச நாளைக்குத்தான்."

எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரேயொரு விஷயத்தைத்தான் செய்யக்கூடாது, அதைத்தான் இப்போது கேட்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று அலுமாரி புத்தகம் படித்தவன். "ஓம், அண்ணை," என்றேன். அது சுலபமான சொல். உடைக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை எடுத்தேன். அக்காவோடு வேலை செய்கிறவன் என்றேன். தொண்டை நோ என்றேன். எதிர்ப்பக்கமிருந்து தட்டுக் கேட்டது. ஐம்பதையும் சொல்லி முடித்தோம். நாற்பதாவது சொல்லுக்கு மேல், நான் நன்றாகச் செய்கிறேன் என்றுகூட எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன்.

அந்தக் கிழமை முழுவதும், அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். விரிப்பு மடிக்கும்போது அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். உங்களுடைய அக்கா போன கிழமை வியாழன் செத்துப்போனா. எங்கே உடைப்பது, எதில் ஊன்றுவது என்று தெரியவில்லை. எல்லாச் சொல்லும் ஒரே உயரத்தில் நின்றன.

சனிக்கிழமை எடுத்தேன். தொண்டைக்கு இன்னும் சுகமில்லை என்று என் வாய் சொன்னது. பல்துலக்கி சொன்னோம். குளிர்ப்பெட்டி சொன்னோம். ஆறாவது சொல்லுக்குப் பிறகு தட்டு வரவில்லை. எங்கோ பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

"தொண்டைதானே நோ," என்றது குரல். தமிழில், ஒவ்வொரு சொல்லாக வைத்து. "கைக்கு என்ன? தட்டியிருப்பாளே."

இதைப் பற்றி நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அவருடைய கணவரும் இல்லை, நானும் இல்லை.

"இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

பொய் சொல்ல இன்னும் இடமிருந்தது. என்ன நாள் என்று கேட்டிருக்கலாம்.

"பத்து," என்றேன்.

நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. அக்காவுக்கு முதல் வாரங்களில் கேட்டது இப்படித்தான் இருந்திருக்கும்.

"அம்மாவுக்குப் பதினொண்டு," என்றார். "இது ஒண்டு குறைவு."

போனை வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. பிறகு மேசையில் தட்டு விழுந்தது. ஒன்று பலமாக, ஒன்று மெல்ல. பட்டியலில் ஏழாவது மழைச்சட்டை.

"ரைன்-யாக்கெ," என்றேன்.

"பிழை. ரெண்டு பாதிக்கும் ஒரே பாரம் குடுக்கிறீங்கள்." மறுபடி தட்டினார். "திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னேன்.